செகண்ட் ஹேண்ட் கார்: பிளக்கா, பெட்ரோல் பங்கா?

பயன்படுத்திய மின்சார கார் வாங்குபவர் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி அதன் பேட்டரிக்குத்தான் போகிறது. பெட்ரோல் காரில் தேய்மானம் எஞ்சின், கிளட்ச், கியர்பாக்ஸ் என்று பல இடங்களில் பரவியிருக்கும். ஒவ்வொன்றையும் தனியாகச் சரிசெய்யலாம். எந்த ஊர் மெக்கானிக்கும் கைவைப்பார். மின்சார காரின் மோட்டாரில் தேய்கிற பாகங்கள் மிகக் குறைவு. ஆயில் மாற்றும் வேலை இல்லை, கிளட்ச் இல்லை, பிரேக் பேடுகூட நீண்ட காலம் வரும். ஆனால் தரைக்கடியில் இருக்கும் பேட்டரி கெட்டால், மாற்றுவதற்கு லட்சக்கணக்கில் ஆகும். அதனால் பெட்ரோல் காரைப் பார்க்கும் கண்ணோடு மின்சார காரைப் பார்த்து விலை பேசுவது சரிவராது.

தமிழ்நாட்டில் இன்று விற்பனைக்கு வரும் பழைய மின்சார கார்களில் முக்கியமானவை 2019 ஜூலையில் அறிமுகமான ஹூண்டாய் கோனா, 2020 ஜனவரியில் வந்த டாடா நெக்ஸான் இ.வி., எம்ஜி இசட்எஸ் இ.வி. ஆகியவை. 2021-இல் புதிய டிகோர் இ.வி.யும் 2022-இல் டியாகோ இ.வி.யும் சேர்ந்துகொண்டன. இவற்றின் மறுவிற்பனை விலை, அதே வயதுள்ள பெட்ரோல் கார்களைவிட வேகமாகச் சரிகிறது. பேட்டரி பற்றிய பயம் ஒரு காரணம். புதிய கார்கள் அதிகத் தூரம் ஓடுவதும் அவற்றின் விலை குறைவதும் இன்னொரு காரணம். 2024 பிப்ரவரியில் டாடா நிறுவனம் புதிய நெக்ஸான் இ.வி.யின் விலையில் 1.2 லட்சம் ரூபாய் வரை குறைத்தது. பழைய காரை விற்கக் காத்திருந்தவர்களும் அதற்கேற்ப இறங்கிவர வேண்டியதாயிற்று. விற்பவருக்கு இது நஷ்டம் என்றாலும், பார்த்து வாங்கத் தெரிந்தவருக்கு நல்ல வாய்ப்பு.

ஓட்டும் செலவை இலவச மின்சாரம் என்ற நினைப்பிலோ, யூனிட்டுக்கு ஐந்து ரூபாய் என்ற தோராயத்திலோ கணக்கிடுவது தவறான விடையைத் தரும். வீட்டு மின்கட்டணம் படிப்படியாக ஏறுவது. காருக்காகக் கூடும் யூனிட்டுகள் எப்போதும் மேல்படியில்தான் போய் விழும். இரண்டு மாதத்துக்கு 400 யூனிட் செலவழிக்கும் குடும்பத்தை எடுத்துக்கொள்ளலாம். 2024 ஜூலை கட்டணப்படி முதல் 100 யூனிட் இலவசம், அடுத்த நூறுக்கு யூனிட்டுக்கு 2.35 ரூபாய், அதற்கடுத்த இருநூறுக்கு 4.80 ரூபாய் என்று ஈ.பி. பில் 1,195 ரூபாய் வரும். மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓடும் கார், இரண்டு மாதத்தில் ஏறக்குறைய 300 யூனிட் இழுக்கும். மொத்தம் 700 யூனிட் ஆகிவிடுகிறது. 500-ஐத் தாண்டியவர்களுக்கு 2.35 ரூபாய் என்ற படியே கிடையாது. 101 முதல் 400 வரை முழுவதும் 4.80, பிறகு 6.45, 8.55, 9.65 என்று ஏறி, பில் 3,905 ரூபாயில் நிற்கும். கூடுதல் 2,710 ரூபாய். அதாவது கார் குடித்த ஒவ்வொரு யூனிட்டுக்கும் 9 ரூபாய்.

அப்படியும் கிலோமீட்டருக்கு 1.35 ரூபாய்தான். லிட்டருக்கு 15 கி.மீ. தரும் பெட்ரோல் கார் அதே 2,000 கி.மீ. ஓட, லிட்டர் 101 ரூபாய் என்று வைத்தால், சுமார் 13,500 ரூபாய் கேட்கும். ஆண்டுக்கு 12,000 கி.மீ. ஓட்டுபவருக்கு எரிபொருளில் மட்டும் 64,000 ரூபாய்க்கு மேல் மிச்சம். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கும் உறவினர் வீட்டுக்கும் மட்டும் காரை எடுத்து, ஆண்டுக்கு 4,000 கி.மீ. ஓட்டுபவருக்கு மிச்சம் இருபதாயிரத்தைச் சுற்றியே இருக்கும். அந்தத் தொகைக்காகப் பேட்டரியின் ஆயுளைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருப்பது வீண்.

இந்தக் கணக்கு வீட்டில் சார்ஜ் செய்பவருக்கே பொருந்தும். சாலையோர வேகச் சார்ஜரில் யூனிட் 20 ரூபாயைத் தாண்டும்போது கிலோமீட்டருக்கு மூன்று ரூபாய்க்கு மேல் ஆகிவிடும்; காத்திருக்கும் நேரம் தனி. சொந்தக் கார் நிறுத்துமிடமும், அங்கே முறையாக எர்த் செய்த 15 ஆம்ப் பிளக்கும் இல்லாதவர் பழைய மின்சார காரைத் தவிர்ப்பதே நல்லது. அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர், காருக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பே சங்கத்தின் சம்மதத்தை எழுத்தில் வாங்கிவிட வேண்டும்.

பெட்ரோல் பக்கம் ஒரு புதிய கேள்வி முளைத்திருக்கிறது. இப்போது பங்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 2023 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான கார்கள் அதைத் தாங்கும் பாகங்களோடு வந்தவை. அதற்கு முந்தையவற்றில் ரப்பர், பிளாஸ்டிக் பாகங்கள் சில முன்கூட்டியே மாற்ற வேண்டி வரலாம். மைலேஜும் குறையும்: 10 சதவீதக் கலப்புக்குச் சரிசெய்யப்பட்ட பழைய கார்களில் இழப்பு 6-7 சதவீதம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கை மதிப்பிட்டது. அதோடு 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய பெட்ரோல் கார்களின் ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்ததால் புதிய காரின் விலையே இறங்கியிருக்கிறது. இரண்டு வயதுள்ள சிறிய பெட்ரோல் காருக்குப் பழைய நினைப்பில் விலை சொல்லும் டீலரிடம், புதிய காரின் இன்றைய விலையைக் காட்டியே பேரம் தொடங்கலாம்.

மீண்டும் பேட்டரிக்கு வரலாம். ஏனென்றால் தவறுகள் பெரும்பாலும் அங்கேதான் நடக்கின்றன. லித்தியம் பேட்டரி திடீரென்று செத்துப்போவது அபூர்வம். அதன் கொள்ளளவு ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். ஆயிரக்கணக்கான வாகனங்களின் தரவை ஆராய்ந்த ஜியோடேப் நிறுவனம், சராசரிக் குறைவு ஆண்டுக்கு 1.8 சதவீதம் என்று 2024-இல் கூறியது. ஆனால் வெயில் இந்தக் கணக்கை மாற்றும். பேட்டரிக்குத் தனிக் குளிரூட்டும் அமைப்பு இல்லாத நிஸான் லீஃப் கார்கள் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்து வெப்பத்தில் வேகமாகக் கொள்ளளவை இழந்தது 2012-இல் பெரிய சர்ச்சையானது. வேலூரிலும் திருச்சியிலும் ஓடிய காருக்கு அந்தப் பாடம் பொருந்தும். திரவக் குளிரூட்டல் உள்ள பேட்டரியா, கார் வெயிலில் நின்றதா நிழலில் நின்றதா, தினமும் வேகச் சார்ஜரிலேயே போடப்பட்டதா என்று கேட்டே ஆக வேண்டும்.

ஆனால் கேள்விக்குக் கிடைக்கும் பதிலைவிட அளந்து பார்ப்பது நம்பகமானது. அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் மையத்தில் பேட்டரியின் நலனைச் சொல்லும் எஸ்.ஓ.எச். அறிக்கை கேட்கலாம். அது கிடைக்காவிட்டாலும் ஒரு வழி உண்டு. முந்தைய நாள் நூறு சதவீதம் வரை சார்ஜ் செய்யச் சொல்லி, பிறகு 20 சதவீதத்துக்கு இறங்கும்வரை ஓட்டி, வேகச் சார்ஜரில் 80 சதவீதம் வரை ஏற்ற வேண்டும். எத்தனை யூனிட் ஏறியது என்பதைச் சார்ஜரின் திரையே காட்டும். 30.2 கிலோவாட்-மணி பேட்டரி கொண்ட பழைய நெக்ஸானில் 60 சதவீதத்துக்கு ஏறக்குறைய 18 யூனிட் ஏற வேண்டும். 14 யூனிட்டிலேயே நின்றுவிட்டால் கொள்ளளவில் கால்பங்குக்குக் கிட்ட போய்விட்டது என்று பொருள்.

உத்தரவாதமும் பேட்டரியோடு சேர்ந்ததே. பெரும்பாலான கார்களுக்கு 8 ஆண்டு அல்லது 1.6 லட்சம் கி.மீ., எது முந்துகிறதோ அதுவரை. 2020-இல் வாங்கிய காருக்கு 2028-இல் முடியும். அதைப் பல ஆண்டு மீதமுள்ள காரின் விலைக்கு வாங்கக் கூடாது. ‘வாழ்நாள் உத்தரவாதம்’ என்ற விளம்பரத்தையும் கவனமாகப் படிக்க வேண்டும்: எம்ஜி விண்ட்ஸரில் அது முதல் உரிமையாளருக்கு மட்டுமே, அடுத்தவருக்கு வழக்கமான 8 ஆண்டுதான். அதே காரைப் பேட்டரி வாடகைத் திட்டத்தில் வாங்கியவர்களும் உண்டு. அந்தக் கணக்கு தீர்ந்ததற்கான சான்று இல்லாமல் பணம் கொடுத்தால், கார் ஒருவருடையது, பேட்டரி இன்னொருவருடையது என்றாகிவிடும். பச்சை நம்பர் பிளேட்டில் எழுத்து வெள்ளையாக இருந்தால் சொந்த உபயோகத்துக்கான கார், மஞ்சளாக இருந்தால் வாடகைக் கார். டாக்ஸியாக ஓடியது பிறகு மாற்றப்பட்டிருக்கலாம் என்பதால் ஆர்.சி. வரலாற்றையும் பார்க்க வேண்டும்.

தூரத்தைப் பொறுத்தவரை, சான்றிதழில் 312 கி.மீ. என்றிருந்த நெக்ஸான் ஏ.சி. போட்டு நடைமுறையில் 200 கி.மீ.யையொட்டியே ஓடும். சென்னையிலிருந்து புதுச்சேரிக்கு நிம்மதியாகப் போகலாம். மதுரைக்கு வழியில் இரண்டு முறையாவது நிற்க வேண்டும். மாதம் ஒருமுறை குடும்பத்தோடு தென்மாவட்டத்துக்குப் போகிறவருக்குப் பெட்ரோல் கார் எளிது. 2021-க்கு முந்தைய டிகோர், மஹிந்திரா இ-வெரிட்டோ போன்றவற்றில் இருப்பது பழைய வகை வேகச் சார்ஜிங் இணைப்பு; இன்றைய நெடுஞ்சாலைச் சார்ஜர்களில் பெரும்பாலானவை சி.சி.எஸ். 2 வகை என்பதால் அவை உள்ளூர் ஓட்டத்துக்கு மட்டுமே உதவும்.

2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளம் போன்றவற்றில் மூழ்கிய கார்கள் எந்த எரிபொருளில் ஓடினாலும் தவிர்க்க வேண்டியவை. சீட் பெல்ட்டை முழுவதும் இழுத்துப் பார்த்தால் அடியில் சேற்றுக் கறை தெரியும். மின்சார காரை லிஃப்டில் தூக்கி, பேட்டரிப் பெட்டியின் அடிப்பக்கத்தில் நசுங்கலோ கீறலோ இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அடிபட்ட பெட்டியைக் காட்டி உத்தரவாதத்தை மறுக்க நிறுவனத்துக்கு வழி கிடைத்துவிடும்.

விலை முடிந்தபின் வாங்கிக்கொள்ள வேண்டியவை மின்சார காரில் கொஞ்சம் அதிகம்: வீட்டுப் பிளக்கில் சொருகும் சார்ஜிங் கேபிள், சுவரில் மாட்டும் சார்ஜர், காரை மொபைலில் இயக்கும் செயலியிலிருந்து பழைய உரிமையாளரின் கணக்கு நீக்கப்பட்டதற்கான உறுதி. காப்பீட்டை 14 நாட்களுக்குள் பெயர்மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். மின்சார கார்களுக்கு மூன்றாம் தரப்புக் காப்பீட்டுப் பிரீமியத்தில் 15 சதவீதத் தள்ளுபடி உண்டு. புதுப்பிக்கும்போது அது பில்லில் கழிந்திருக்கிறதா என்று சரிபார்க்கலாம்.