அனுமானம் போதுமா?

2015ஆம் வருஷம் ஜூன் மாதம் 8ந் தேதி மாலை, கடலோரக் காவல்படையின் டோர்னியர் விமானம் ஒன்று மூன்று அதிகாரிகளுடன் சென்னையினின்று ரோந்துக்குப் புறப்பட்டது. இரவு ஒன்பது மணிக்குமேல் திருச்சி ராடாரில் கடைசியாகத் தென்பட்டது. பிறகு அதைக் காணோம்.

அது கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் கிழக்கே, நம் மீனவர் நித்தியம் வலைவீசும் கடல். ஆயினும் கரையை விட்டுச் சிறிது தூரம் சென்றதும் அங்கே தரை சடுதியில் சரிந்து பேராழமாகிறது. கப்பல்கள் பல தேடின. 'சிந்துத்வஜ்' என்னும் நீர்மூழ்கி, விமானத்தின் ஒலிக்கருவி எழுப்பிய சப்தத்தை விட்டுவிட்டுக் கேட்டது. இத்தகைய கருவிகளின் மின்சார சக்தி அக்காலத்தில் வழக்கமாகச் சுமார் 30 நாட்களே நீடித்தது. ஒரு மாதம் கழிந்த பின்னரே, ரிலையன்ஸ் கம்பெனி அனுப்பிய 'ஒலிம்பிக் கான்யன்' கப்பல் ஜூலை மாதத்தில், சுமார் 950 மீட்டர் ஆழத்தினின்று பதிவுக்கருவியை மீட்டது. எலும்புகளும் ஒரு கைக்கடிகாரமும் உடன் கிடைத்தன.

மறுவருஷம் ஜூலை 22ந் தேதி தாம்பரத்தினின்று போர்ட் பிளேருக்கு 29 பேருடன் சென்ற விமானப்படையின் ஆன்டனோவ்-32 விமானமும் வங்கக் கடல்மீது மறைந்தது. சுமார் 3,400 மீட்டர் ஆழத்தில் அதன் சிதைவுகள் காணப்பட்ட செய்தி 2024ஆம் வருஷம் ஜனவரியிலேதான் வந்தது. இடையில் ஏழரை வருஷம்!

ஏழு வருஷம் செய்தியற்றுப்போனவரை இறந்தவராக அனுமானிக்கலாம் என்பது 1872ஆம் வருஷத்துச் சாட்சியச் சட்டம் வகுத்த விதி. 2023ஆம் வருஷத்துப் புதிய சட்டமும் அதையே கொண்டுள்ளது. சொத்தும் வாரிசுரிமையும் தீர்வதற்கு அவ்விதி அவசியமே. ஆனால் நியாயஸ்தலத்துக்குப் போதுமான அனுமானம் ஒரு தாயின் நெஞ்சுக்குப் போதுமா? வாசற்கதவு தட்டப்படும் ஒவ்வொரு முறையும் அவள் எழுந்து பார்க்கிறாளே, அவளுக்கு எந்தச் சட்டம் பதில் சொல்லும்?

தேசத்தின் பணிக்கென்று மனிதரை அனுப்பிய சர்க்கார், அவர் திரும்பாதபோது இரண்டு கேள்விகளுக்கு விடையளிக்கக் கடமைப்பட்டது: அவர் எங்கே? ஏன்? முதற்கேள்விக்கு விடை கிடைத்ததும் இரண்டாவதை மறந்துவிடலாகாது. காரணம் வெளிப்பட்டாலன்றி அடுத்த விமானத்துக்குக் காவலில்லை.

ஆகவே, நெடுநாள் ஒலிக்கும் கருவி ஒவ்வொரு விமானத்திலும் வேண்டும். ஆழ்கடல் தேடும் சாதனங்கள் நம் கரையிலேயே சர்க்கார் வசம் சித்தமாயிருக்க வேண்டும். விசாரணை முடிவுகள், ராணுவ ரகசியம் நீங்கலாக, பொதுஜனங்களுக்கு அறிவிக்கப்பட வேண்டும். நம் பிரதிநிதிகள் பார்லிமெண்டில் இதைக் கேட்பார்களா? கேட்கும்படி செய்வது ஜனங்களாகிய நம் பொறுப்பு.