அரைச் சுற்றின் கணக்கு

துப்பாக்கிக் குழலின் உட்சுவரில், திருகாணியின் மரையைப் போல வளைந்தோடும்படி வெட்டப்படும் பள்ளங்கள் சுருள்வரிகள் எனப்படும். ஒரு வரி முழுச் சுற்று ஒன்றை முடிக்க எடுத்துக்கொள்ளும் நீளமே அக்குழலின் முறுக்கு. 30க்கு ஒன்று என்று குறித்தால் 30 அங்குல நீளத்தில் வரி ஒருமுறை சுற்றிவருகிறது என்று பொருள். எண் குறையக் குறைய முறுக்கு கடுமையாகும், குண்டும் அதே வேகத்தில் கூடுதலாகச் சுழலும். கருமருந்தை அடைத்துச் சுடும் பழைய சுழல் துப்பாக்கிகளை, அதாவது ரிவால்வர்களை ஒப்பிடுவோர் பெரும்பாலும் இந்த ஓர் எண்ணை வைத்தே தரம் பிரிக்கின்றனர். அந்த எண் சொல்வது எவ்வளவு, சொல்லாமல் விடுவது எவ்வளவு என்பதை அறிய வரியே இல்லாத குழலிலிருந்து தொடங்குவது நல்லது.

தருமபுரி மாவட்டம் நெடுங்காலமாக அறிந்திருப்பது அத்தகைய குழலைத்தான். 1791இல் பென்னாகரத்தைத் தாக்கிய கிழக்கிந்தியக் கம்பெனிப் படையினரும், 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் இப்பகுதியை உள்ளடக்கிய பாராமகால் கம்பெனியின் கைக்கு வந்தபின் இங்கே காவல் நின்ற சிப்பாய்களும் ஏந்தியவை உட்புறம் வழவழப்பான மஸ்கட்டுகளே. இன்றும் காட்டுப்பன்றியிடமிருந்து பயிரைக் காக்க வேண்டி மலையோர விவசாயி உரிமம் கேட்டால் சட்டம் முன்வைப்பது, குழல்வாய் வழியே மருந்தடைக்கும் துப்பாக்கியையே. 1959ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டம், உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்கான அத்தகைய துப்பாக்கியையும், தற்காப்புக்கோ விளையாட்டுக்கோ வேண்டப்படும், 20 அங்குலத்துக்குக் குறையாத வழவழப்புக் குழல் துப்பாக்கியையும் தனியே பிரித்து வைத்திருக்கிறது. குழலுக்குள் வரி ஓடுகிறதா இல்லையா என்பது கைவினை நுட்பம் மட்டுமன்று, சட்டம் கண்ணெடுத்துப் பார்க்கும் வேறுபாடும் ஆகும் என்பதை இங்கே கவனிக்க வேண்டும்.

வழவழப்பான குழலில் ஈயக்குண்டு எளிதாக இறங்க வேண்டும் என்பதற்காக அது குழலைவிடச் சற்றுச் சிறியதாகவே வார்க்கப்படும். மருந்து வெடித்ததும் குண்டு சுவரில் இங்குமங்கும் உரசி, கடைசியில் எந்தப் பக்கம் உரசியதோ அதற்கேற்ப ஏதோ ஓர் அச்சில் உருண்டபடி வெளியேறுகிறது. இந்த உருளல் குண்டின் பாதையை வளைக்கிறது என்பதைக் காட்டியவர், 1742இல் பீரங்கியியலின் புதிய கொள்கைகள் பற்றி நூல் வெளியிட்ட ஆங்கிலேயக் கணித அறிஞர் பெஞ்சமின் ராபின்ஸ். மஸ்கட் குழலின் நுனியை இடப்பக்கம் வளைத்து, மெல்லிய தாள்திரைகளை வரிசையாக நிறுத்தி அவர் சுட்டபோது, குண்டு முதலில் இடப்பக்கம் சென்று, பின் காற்றிலேயே வலப்பக்கமாகத் திரும்பியது. ஆகவே தற்செயலாக வந்து சேரும் சுழற்சியை விலக்கிவிட்டு, பறக்கும் திசையையே அச்சாகக் கொண்ட சுழற்சியை நாமே கொடுப்பதுதான் வழி என்பது அவருடைய முடிவு. 1747இல் சுருள்வரிக் குழலின் இயல்பை விளக்கி அவர் கட்டுரையும் படித்தார். அந்த அறிஞர் கம்பெனியின் தலைமைப் பொறியாளராக 1750இல் இந்தியாவுக்கு வந்து, கோட்டைகளைச் சீரமைக்கும் பணியில் இருக்கும்போதே 1751இல் கடலூர் தேவனாம்பட்டினத்தின் செயின்ட் டேவிட் கோட்டையில் இறந்தார். சுருள்வரியை அறிவியலாக்கியவரின் கடைசி நாட்கள் தமிழ்க் கடற்கரையில் கழிந்தன என்பதைத் தமிழ் வாசகர் அதிகம் அறியாதிருப்பது வருந்தத்தக்கது.

சுழலும் பம்பரம் நிமிர்ந்து நிற்பதும், வேகம் தளர்ந்தால் தலையாட்டிச் சாய்வதும் எந்தச் சிறுவனுக்கும் தெரிந்தவையே. குண்டுக்கும் அதே விதிதான். உருண்டைக் குண்டுக்கு முன்பின் என்ற வேறுபாடு இல்லாததால் அது தலைகுப்புறக் கவிழும் ஆபத்து இல்லை, சிறிதளவு சுழற்சியே அதற்குப் போதும். கூம்புக்குண்டு நீள நீள, அதை நேராக நிறுத்த வேண்டிய சுழற்சியும் கூடுகிறது. இந்த உறவை 1879இல் ஆல்பிரட் ஜார்ஜ் கிரீன்ஹில் ஓர் எளிய தோராய வாய்பாடாக்கினார்: குண்டின் விட்டத்தைத் தன்னாலேயே பெருக்கி, 150ஆல் பெருக்கி, குண்டின் நீளத்தால் வகுத்தால் வேண்டிய முறுக்கு அங்குலத்தில் கிடைக்கும்.

1857இன் கிளர்ச்சியோடு பெயர் பிணைந்துவிட்ட 1853ஆம் ஆண்டு என்ஃபீல்டு ரைபிளில் மூன்று வரிகள் 78க்கு ஒன்று என்ற மென்மையான முறுக்கில் ஓடின. அதன் குழல் 39 அங்குலம். ஆகவே குண்டு வெளியேறுமுன் சரியாக அரைச் சுற்றுச் சுற்றியது. கிளர்ச்சிக்குப் பின் இந்தியச் சிப்பாய்களுக்கென, அதே தோற்றத்தில், வரிகளற்ற மஸ்கட்டுகள் செய்து தரப்பட்டன. தொலைவில் குறிதப்பாமல் சுடும் ஆற்றலைச் சிப்பாயின் கையில் விட்டுவைக்க ஆட்சியாளர் அஞ்சினர் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இனி ரிவால்வர்களுக்கு வரலாம். 1851ஆம் ஆண்டுக் கோல்ட் நேவி ரிவால்வரின் ஏழரை அங்குலக் குழலில் ஏழு வரிகள் வெட்டப்பட்டிருந்தன. அவற்றின் முறுக்கு ஒரே சீரானதன்று, பின்வாயில் மெதுவாகத் தொடங்கி முன்வாயை நோக்கிப் போகப்போகக் கடுமையாவது. மென்மையான ஈயம் திடீரென்று கடும் வரியில் மோதினால் பிடிக்காமல் வழுக்கிவிடக்கூடும் என்பதே இந்த ஏற்பாட்டின் காரணம். இக்காலத்து நகல்களில் முறுக்கு பெரும்பாலும் சீரானதே. இத்தாலியின் பியெட்டா நிறுவனத்தின் நகல்கள் பல நெடுங்காலம் 30க்கு ஒன்று என்ற அளவிலும், ஊபர்ட்டியுடையவை ஏறத்தாழ 18க்கு ஒன்று என்ற அளவிலும், 1972 முதல் 2008 வரை அமெரிக்காவில் செய்யப்பட்ட ரூகர் ஓல்டு ஆர்மி 16க்கு ஒன்று என்ற அளவிலும் அமைந்தவை. எட்டு அங்குலக் குழலில் முதலாவது கால் சுற்றுக்குச் சற்று மேலும், கடைசியது அரைச் சுற்றும் தரும். குண்டு நொடிக்கு 250 மீட்டர் வேகத்தில் வெளியேறுவதாகக் கொண்டால், முதலாவதில் அது நொடிக்கு ஏறத்தாழ 330 முறையும், கடைசியதில் 615 முறையும் சுழலும்.

வேறுபாடு கிட்டத்தட்ட இரு மடங்கு என்பது கண்ணை ஈர்க்கிறது. ஆனால் கிரீன்ஹில்லின் வாய்பாட்டில் 0.45 அங்குல உருண்டைக் குண்டை இட்டுப் பார்த்தால் 68க்கு ஒன்று என்ற முறுக்கே போதும் என்றும், 0.6 அங்குல நீளக் கூம்புக்குண்டுக்கு 50க்கு ஒன்று போதும் என்றும் விடை வருகிறது. எனவே மிக மென்மையானதாகக் கருதப்படும் 30க்கு ஒன்று கூடத் தேவைக்கு மேற்பட்டதே. ஒரு முறைக்கு இடும் மருந்தும் பெரும்பாலும் இரண்டு கிராமுக்கு உட்பட்டதே ஆகையால், கடும் முறுக்கில் ஈயம் வழுக்கும் என்ற பழைய அச்சமும் இங்கே பெரிதாகப் பொருந்துவதில்லை.

அப்படியிருந்தும் இரு ரிவால்வர்களின் குறி வேறுபடுகிறதென்றால், காரணத்தை, குண்டுகளை ஏந்திச் சுழலும் உருளையில் தேட வேண்டும். ரைபிளில் மருந்தும் குண்டும் குழலுக்குள்ளேயே இருக்கின்றன. ரிவால்வரிலோ குண்டு உருளையின் அறையிலிருந்து புறப்பட்டு, ஒரு சிறு இடைவெளியைத் தாண்டிக் குழலுக்குள் நுழைய வேண்டும். அறையின் வாயைவிடச் சற்றுப் பெரிதான ஈயக்குண்டை அழுத்தி இறக்கும்போது மெல்லிய ஈய வளையம் ஒன்று சீவப்பட்டு வெளியே வரும். அறைக்குள் எஞ்சும் குண்டு அந்த வாயின் விட்டத்தையே தன் விட்டமாகப் பெறுகிறது. சில நகல்களில் இருப்பதுபோல அறைவாய் வரிப்பள்ளங்களின் விட்டத்தைவிடச் சிறிதாக இருந்தால், குண்டு பள்ளங்களை நிரப்பாமல் அவற்றுக்கு இடையிலுள்ள மேடுகளை மட்டும் தொட்டுச் செல்லும், வாயு பக்கவாட்டில் கசியும், முறுக்கு எத்தனை கடுமையாக இருந்தாலும் அதன் பிடி உறுதிப்படாது. உருளையின் ஆறு அறைகளில் ஒன்று மட்டும் குழலோடு நேராகப் பொருந்தாவிட்டாலும் ஆறில் ஒரு குண்டு சிதைந்தே நுழையும். இதற்கு மேல் கருமருந்து எரிந்து முடியும்போது அதன் எடையில் பாதிக்கும் மேற்பட்ட பகுதி திடப்பொருளாகவே எஞ்சி, அடுத்தடுத்த சூட்டில் பள்ளங்களைத் தூர்க்கிறது. ஆகவே 30க்கும் 16க்கும் இடையில் எதைத் தெரிவது என்று கேட்பவர், குழலை நோக்குமுன் உருளையைக் கழற்றி, அறைவாயின் விட்டத்தையும் வரிப்பள்ளத்தின் விட்டத்தையும் அளவுகோலால் ஒத்துப் பார்த்தாக வேண்டும்.