மூன்று மாடி வீடும் அதன் வாடகையும்: முற்பணம் கொடுக்குமுன் பார்க்க வேண்டியவை

"தெமட்டகொடையில் மூன்று மாடி வீடு விற்பனைக்கு. மூன்று குடும்பங்கள் தனித்தனியாக இருக்கலாம். மாதம் 160,000 ரூபா வாடகை வருமானம்." இந்த விளம்பரத்தைத்தான் என் மச்சான் கொண்டுவந்து காட்டினார். பல வருடம் கட்டாரில் உழைத்த பணமும் ஊர்க் காணியை விற்ற பணமும் அவர் கையில் இருந்தது. வீட்டின் விலை நான்கரைக் கோடி. "கீழ நாங்க இருப்போம். மேல ரெண்டையும் வாடகைக்கு விட்டா வீட்டுச் செலவு ஓடும் தானே மச்சான்?" என்று கேட்டார். மறுநாள் பத்து இலட்சம் முற்பணம் கொடுப்பதாகவும் இருந்தார்.

நான் கணக்குப் படிப்பிக்கும் ஆசிரியன். அன்றிரவு இருவரும் ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம். இப்படி ஒரு வீட்டை வாங்க நினைக்கும் மற்றவர்களுக்கும் அந்தக் கணக்கு உதவும்.

விளம்பரத்தில் உள்ள 160,000 மூன்று வீட்டுக்கும் உரிய வாடகை. கீழ் வீட்டில் நாமே குடியிருந்தால் அதன் 55,000 போய்விடும். மிச்சம் 105,000. வருடத்துக்கு 12 இலட்சத்து 60 ஆயிரம். ஆட்கள் மாறும்போது வருடத்தில் ஒரு மாதமாவது வீடு பூட்டிக் கிடக்கும் என்று வைத்தோம். பெயின்ட், தண்ணீர் மோட்டர், கூரை ஒழுக்கு, சோலைவரி என்று ஒன்றரை இலட்சமளவில் கழித்தோம். கையில் நிற்பது ஏறக்குறைய பத்து இலட்சம். மாதத்துக்கு 83,000 ரூபா. வருமான வரியை இதில் சேர்க்கவில்லை.

அடுத்தது முத்திரை வரி. சொத்தின் பெறுமதியில் முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதம், மீதிக்கு 4 வீதம். நான்கரைக் கோடிக்கு அது 17 இலட்சத்து 99 ஆயிரம் ரூபா. வாங்குபவர்தான் கட்ட வேண்டும். ஒன்றே முக்கால் வருட வாடகை அதிலேயே போய்விடுகிறது. நொத்தாரிசின் கட்டணம் வேறு.

பணக் கணக்கு முடிந்தபின் குடியிருப்பவர்களைப் பற்றிப் பேசினோம். "வீட்டை வாங்கினா அவங்க எழும்பிருவாங்க" என்று புரோக்கர் சொல்லியிருந்தார். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. நமது நாட்டில் நடைமுறையிலுள்ள ரோமன் டச்சுச் சட்டத்தின்படி விற்பனையால் வாடகை உரிமை முறிவதில்லை. விற்றவரின் இடத்துக்கு வாங்கியவர் வருகிறார், அவ்வளவுதான். 1972 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க வாடகைச் சட்டத்துக்குள் வரும் பழைய வீடாக இருந்தால் ஆளை எழுப்புவது இன்னும் கடினம். ஆகவே குடியிருப்பவர்களை நேரில் சந்தித்து, எப்போதிருந்து இருக்கிறார்கள், வாடகை எவ்வளவு, முற்பணம் எவ்வளவு கொடுத்தார்கள் என்று அவர்கள் வாயாலேயே கேளுங்கள். அந்த முற்பணத்தை விலையில் கழிக்காவிட்டால் நாளை நீங்கள் திருப்பிக் கொடுக்க வேண்டிவரும். நொத்தாரிசு முன்னிலையில் எழுதாத இரண்டு வருட வாடகை ஒப்பந்தம் சட்டத்தின் முன் இரண்டு வருடத்துக்குச் செல்லாது என்பதையும் மனதில் வையுங்கள்.

மின்சார மீட்டரையும் பாருங்கள். அலகு கூடக் கூட கட்டண வீதமும் கூடுவதால், மூன்று குடும்பம் ஒரே மீட்டரில் இருந்தால் பில் ஏறும். மாதாமாதம் சண்டையும் வரும்.

மச்சானுக்கு இன்னொரு எண்ணமும் இருந்தது: "பிறகு மூணு பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு மாடி." மாடிகளைப் பிரித்துத் தனித்தனி உறுதி எழுத வேண்டுமானால், 1973 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கத் தொடர்மாடி உரிமைச் சட்டத்தின் கீழ் அதற்கான படம் பதிவாகியிருக்க வேண்டும். இல்லையென்றால் முழு வீட்டுக்கும் மூவரும் பிரிக்கப்படாத பங்காளிகள்தான். ஒருவர் தன் மாடியை மட்டும் விற்க முடியாது.

விற்பவரின் பக்கத்திலும் இதே சிக்கல் இருக்கலாம். மரண சாசனம் எழுதாமல் மௌத்தாகும் முஸ்லிமின் சொத்து, 1931 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின்படி ஷரீஅத் முறையில் வாரிசுகளைச் சேரும். சகோதரர் மூவர் மாடிக்கு ஒருவராக இருந்து அனுபவித்த வீட்டில், கலியாணம் முடித்துப் போன சகோதரிக்கும் பங்குண்டு. அவருடைய கையொப்பம் இல்லாமல் முழு வீடும் உங்களுக்கு வராது.

மறுநாள் மச்சான் முற்பணம் கொடுக்கவில்லை. உறுதிப் பிரதியையும் கட்டடப் படத்தையும் கேட்டு வாங்கி, தனக்குத் தெரிந்த நொத்தாரிசிடம் கொடுத்தார். காணிப் பதிவகத்தில் முப்பது வருடத்துப் பதிவுகளைப் பார்த்ததில் உரிமையில் பிழை இருக்கவில்லை. ஆனால் மாநகர சபை அனுமதித்த படத்தில் இருந்தது இரண்டு மாடி மட்டும். மாதம் 50,000 வாடகை வருவதாகச் சொன்ன மூன்றாவது மாடிக்கு அனுமதியே இல்லை.

விற்பவர் இப்போது விலையைக் குறைக்கத் தயாராக இருக்கிறார். மச்சான் இன்னும் பதில் சொல்லவில்லை. உங்களுக்கும் இப்படி ஒரு வீடு பிடித்துப்போனால், முற்பணம் கொடுக்கும் முன் உறுதியையும் படத்தையும் நீங்களே தெரிவு செய்த நொத்தாரிசிடம் கொண்டுபோங்கள். விற்பவரோ புரோக்கரோ கூட்டிவரும் ஆளிடம் அல்ல.