வருத்தத்தின் பெயர் மட்டும் போதாது



சென்ற மாதம் வருமான வரி பற்றி நான் வழங்கிய உரை முடிந்ததும் ஓர் அக்கா நிலையத்துக்கு அழைத்தார். ஸ்காபரோவில் ஒரு தொழிற்சாலையில் 19 வருடங்கள் பெட்டி அடுக்கிய கைகள். முடக்குவாதம் வந்து விரல்கள் மடங்கிவிட்டன. வேலையை விட்டு ஒன்றரை வருடம். கனடா ஓய்வூதியத் திட்டத்தின் இயலாமைக் கொடுப்பனவுக்கு விண்ணப்பித்தார். மறுப்புக் கடிதம் வந்துவிட்டது. "தம்பி, எனக்கு என்ன வருத்தமென்று டொக்டரே எழுதித் தந்தவர். பிறகேன் இல்லையென்று சொல்லுகினம்?" என்று கேட்டார்.

விண்ணப்பத்தின் பிரதியைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தேன். வீட்டு வேலைகள் பற்றிய இடத்தில் "ஓரளவு சமாளிப்பேன்" என்று எழுதியிருந்தார். விசாரித்தால், காய்கறி வெட்டுவது மகள். தலை இழுத்துக் கட்டிவிடுவதும் மகள். காலையில் விரல்கள் இளகவே இரண்டு மணித்தியாலம் ஆகிறது. "இதையெல்லாம் எப்படித் தம்பி எழுதுறது, வெட்கமாயிருக்கு" என்றார்.

நேயர்களே, நம்மவர்களின் விண்ணப்பங்கள் பல இந்த வெட்கத்தால்தான் தோற்றுப்போகின்றன. இந்தக் கொடுப்பனவு வருத்தத்தின் பெயருக்காகத் தரப்படுவதில்லை. சட்டம் கேட்பது இரண்டு. ஒன்று, இயலாமை கடுமையானதா? அதாவது, எந்த வேலையையும் ஒழுங்காகச் செய்து போதிய வருமானம் தேட முடியாத நிலையா? மற்றது, அது நீடித்ததா? அதாவது, எப்போது தீரும் என்று சொல்ல முடியாததா, அல்லது உயிரைப் பறிக்கக்கூடியதா? நீரிழிவு, சிறுநீரக வருத்தம், முடக்குவாதம் என்ற பெயர்கள் இதற்குப் பதில் ஆகமாட்டா. ஒரே வருத்தம் உள்ள இருவரில் ஒருவர் வேலைக்குப் போவார், மற்றவரால் படியிறங்கவும் முடியாது.

ஆகவே எழுதும்போது கணக்காக எழுதுங்கள். எத்தனை நிமிடம் இருக்கலாம், எத்தனை நிமிடம் நிற்கலாம், எவ்வளவு பாரம் தூக்கலாம், வாரத்தில் எத்தனை நாள் படுக்கையிலேயே கழிகிறது என்று குறிப்பிடுங்கள். நாட்பட்ட வருத்தத்தில் நல்ல நாளும் உண்டு, கெட்ட நாளும் உண்டு. நல்ல நாளை மட்டும் எழுதினால் அது முழுக் கணக்கல்ல. மருந்தின் பக்க விளைவுகளையும் சேருங்கள். உள்ளதைக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். இதே விபரங்களை ஒரு தாளில் எழுதி வைத்தியரிடமும் கொடுங்கள். பத்து நிமிடச் சந்திப்பில் "பரவாயில்லை டொக்டர்" என்று சொல்லிவிட்டு வந்தால், அவருடைய அறிக்கையிலும் பரவாயில்லை என்றுதான் இருக்கும்.

ஆங்கிலம் போதாது என்பதையும் மறைக்க வேண்டாம். 2001இல் வில்லானி என்பவரின் வழக்கில் சமஷ்டி மேன்முறையீட்டு நீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்பைத் தந்தது. ஒருவரால் வேலை செய்ய முடியுமா என்று பார்க்கும்போது வயது, படிப்பு, மொழியறிவு, முன்பு செய்த வேலை, வாழ்க்கை அனுபவம் ஆகியவற்றையும் பார்க்க வேண்டும் என்பதே அது. 58 வயதில், கைவேலை மட்டுமே தெரிந்த ஒருவரைப் பார்த்து "மேசை வேலை செய்யலாமே" என்று சுலபமாகச் சொல்லிவிட முடியாது.

இனி என் தொழிலுக்குரிய விடயம். இது தருமப் பணம் அல்ல. சம்பளத்தில் நாங்கள் கட்டிய பங்களிப்புக்குக் கிடைப்பது. 65 வயதுக்கு உட்பட்டவராக இருக்க வேண்டும். இயலாமை வருவதற்கு முந்திய 6 வருடங்களில் 4 வருடங்கள் பங்களிப்புச் செய்திருக்க வேண்டும். 25 வருடங்களோ அதற்கு மேலோ கட்டியவருக்கு அந்த 6இல் 3 போதும். 7 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை வளர்ப்பதற்காக வீட்டில் நின்ற காலத்துக்குத் தனிச் சலுகை உண்டு. தாய்மார் அதைக் கேட்டுப் பெறவேண்டும். 2024இல் ஆகக்கூடிய தொகை மாதம் 1,606.78 டொலர். 18 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கும், 25 வரை முழுநேரம் படிக்கும் பிள்ளைகளுக்கும் தனிக் கொடுப்பனவு உண்டு.

கைக்காசுக்கு வேலை செய்தவருக்கோ சம்பளத் துண்டும் இல்லை, ரீ-4 படிவமும் இல்லை, பங்களிப்பும் இல்லை. இருபது வருடம் உழைத்தும் ஒரு சதமும் பெற முடியாமல் என் முன்னால் வந்து இருந்தவர்கள் உண்டு. வரி மிச்சம் என்று அன்று நினைத்தது இன்று பெரிய நட்டம். இளையவர்களுக்கு இதைச் சொல்லி வையுங்கள்.

நாட்கணக்கிலும் கவனம் தேவை. எவ்வளவு பிந்தி விண்ணப்பித்தாலும், இயலாமை தொடங்கிய நாளாக ஏற்கப்படுவது விண்ணப்பத்துக்கு 15 மாதங்களுக்கு முன்னர் போகாது. அதற்குப் பின் நான்காவது மாதத்திலிருந்தே பணம். மூன்று வருடம் காத்திருந்தவர் அந்த இடைக்காலப் பணத்தில் பெரும் பகுதியை இழந்துவிடுகிறார்.

மறுத்தால் மனம் விடவேண்டாம். கடிதம் கிடைத்து 90 நாட்களுக்குள் மறுபரிசீலனை கேட்கலாம். அதுவும் சரிவராவிட்டால் சமூகப் பாதுகாப்புத் தீர்ப்பாயம். அங்கே மொழிபெயர்ப்பாளர் இலவசம். ஒன்ராறியோவில் சமூகச் சட்ட உதவி நிலையங்களையும் நாடலாம்.

இரண்டு எச்சரிக்கைகள். இந்தப் பணத்துக்கு வரி உண்டு. ஒன்ராறியோ மாகாணத்தின் இயலாமை உதவி பெறுபவருக்கு அந்த அளவு அங்கே கழிக்கப்படும். வேலைத்தலக் காப்புறுதிகள் பலவும் அப்படியே. அடுத்தது, இயலாமை வரிச்சலுகை என்பது வேறு. அதற்கு வைத்தியர் ரீ-2201 படிவம் நிரப்ப வேண்டும். ஒன்று கிடைத்தால் மற்றது தானாக வராது. 2025 யூலையில் மாதம் 200 டொலர் வரை என்று தொடங்கிய கனடா இயலாமை உதவிப்பணத்துக்கு இந்த வரிச்சலுகைதான் வாசல்.

அந்த அக்கா என்னை அழைத்தபோது 71 நாட்கள் கடந்திருந்தன. மகள் பக்கத்தில் இருந்து எழுத, அவர் சொல்லச் சொல்ல நான்கு பக்கம் வந்தது. வைத்தியரின் புதிய கடிதத்தோடு 83ஆம் நாள் அனுப்பினோம். பதில் இன்னும் வரவில்லை. ஆனால் இம்முறை அனுப்பியதில் அவருடைய உண்மையான நாள் இருக்கிறது. உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு கடிதம் மேசை லாச்சிக்குள் கிடந்தால், இன்றே எடுத்துத் திகதியைப் பாருங்கள்.

அடுத்த மாதம் மீண்டும் சந்திப்போம்.