கிள்ளான் பாட்டி ஏன் பெரட்டுக்குக் கிளம்புகிறார்?

கிள்ளானில் அடுக்குமாடி வீடு. விடியற்காலை நாலு மணிக்குப் பாட்டி எழுந்து, "பெரட்டுக்கு நேரமாச்சு" என்று கதவைத் தட்டுகிறார். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டுவதையும், வேலைக்கு முன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டையும் விட்டு எத்தனையோ வருடம் ஆயிற்று; அது மறக்கவில்லை. ஆனால் நேற்று இரவு சாப்பிட்ட தோசை நினைவில் இல்லை. ஏன்?

பாட்டிக்கு அல்சைமர், மறதிநோயில் ஒரு வகை. அது பெரும்பாலும் முதலில் பாதிப்பது மூளையின் ஹிப்போகேம்பஸ் பகுதியை. புதிய நினைவுகள் பதிவாக அதுதான் வேண்டும். நரம்பணுக்களுக்கு வெளியே அமிலாய்டு புரதம் படிகிறது, உள்ளே டௌ புரதம் முறுக்கிக்கொள்கிறது, அணுக்கள் மடிகின்றன. தோசை பதிவாகவே இல்லை; பிறகு எங்கிருந்து ஞாபகம் வரும்? தோட்டத்து நாட்களோ மூளையின் மேலடுக்கில் பல காலம் ஊறியவை, மெதுவாகத்தான் கரையும்.

"தோட்டத்தையே வித்துட்டாங்க பாட்டி" என்று உண்மையைச் சொன்னால் அந்தப் பதிலும் பதியாது, கலக்கம் மட்டும் தங்கிவிடும். நடந்தது மறந்த பிறகும் அது கிளப்பிய உணர்ச்சி நீடிக்கும். அதனால், "மழை பாட்டி, மரமெல்லாம் ஈரம், இன்னிக்கு வெட்டு இல்ல" என்று தேத்தண்ணியை நீட்டலாம். பொய்தான். எனக்கு உறுத்தவில்லை.

2018 தேசியச் சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 8.5 விழுக்காட்டினருக்கு மறதிநோய் இருக்கக்கூடும். இவர்களைப் பராமரிப்பவர்களுக்கும் தூக்கம் வேண்டுமே! மலேசிய அல்சைமர் நோய் அறக்கட்டளை பெட்டாலிங் ஜெயாவில் பகல்நேரப் பராமரிப்பு மையம் நடத்துகிறது, கேட்டுப் பார்க்கலாம்.