இசபெல்லா என்றொரு வண்டி

பிள்ளைக்குப் பெயர் சூட்டுவதென்றால் நாள் பார்ப்போம், நட்சத்திரம் பார்ப்போம், முதலெழுத்து இன்னதாக அமைய வேண்டுமென்று சோதிடரிடமும் கேட்போம். இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டனவாகப் பிறந்து பல தேசத்துத் தெருக்களிலும் ஓடிய ஒரு மோட்டார் வண்டியோ, இத்தகைய சடங்கு எதுவுமின்றித் தன் கர்த்தாவின் அலட்சியமான ஒரு சொல்லினாலேயே பெயர் பெற்றது. வட ஜேர்மனியின் பிறேமன் நகரத்துத் தொழிற்சாலையொன்றில், புதிய வண்டியின் முதல் மாதிரிகள் பரீட்சைக்காகத் தெருவிலே இறங்க வேண்டியிருந்தன. உண்மைப் பெயரைப் பொறித்தால் போட்டியாளர் அறிந்துவிடுவர். என்ன பெயரை எழுதலாம் என்று பொறியியலாளர் முதலாளியிடம் போய் வினவினர். எதுவானால் என்ன, இசபெல்லா என்றுதான் எழுதுங்களேன் என்ற கருத்துப்பட அவர் ஏதோ சொன்னாராம். 1954ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அவ்வண்டி விற்பனைக்கு வந்தபோது அதன் முறையான பெயர் 'ஹன்சா 1500' என்பதே. ஆயினும் சனங்கள் அப்பெயரைச் சட்டை செய்யவில்லை. இசபெல்லா என்றே அழைத்தார்கள். ஈற்றில் கம்பனியும் அதற்கே இணங்கியது.

அந்த முதலாளியின் பெயர் கார்ல் போர்க்வார்ட்.

எண்பதுகளிலே நம் தேசத்தை விட்டுச் சென்ற பல்லாயிரவருள் ஒருவனாக நானும் ஜேர்மனியை அடைந்து, பிறேமனில் பதினாறு ஆண்டுகள் வசித்தேன். எங்கள் வீட்டுக்கு அடுத்த வீட்டுக்காரர், பதினான்கு வயதிலே போர்க்வார்ட் தொழிற்சாலையில் பயிற்சித் தொழிலாளியாகச் சேர்ந்தவர். அவருடைய கொட்டிலில், பழைய கம்பளி ஒன்றினால் மூடப்பட்டு ஓர் இசபெல்லா நின்றது. ஆரம்பத்தில் எனக்கும் அவருக்கும் வணக்கம் சொல்லிக்கொள்ளும் அளவுக்கே பழக்கம். ஒருநாள் கொட்டில் கதவு திறந்திருந்த வேளையில் நான் தயங்கி நின்று எட்டிப் பார்த்தேன். "உள்ளே வந்து பாருங்கள், பார்ப்பதற்காகத்தானே இது செய்யப்பட்டது" என்றார். அன்று தொடங்கியது எங்கள் நட்பு. இக்கட்டுரையில் வரும் செய்திகளிற் பல பின்னர் நூல்களில் நான் படித்து அறிந்தவை. எனினும் படிக்கத் தூண்டியவர் அவரே.

இசபெல்லாவைக் கண்ணாற் காணாத வாசகருக்கு அதன் தோற்றத்தைச் சிறிது கூறவேண்டும். சில்லுகளின் மேல் தனித்தனியே புடைத்து நிற்கும் பழைய காலத்து மூடிகள் அதில் இல்லை. முன்னிருந்து பின்வரை பக்கங்கள் ஒரே ஓட்டமாக ஓடி, முதுகு மெல்லச் சரிந்து இறங்குகிறது. முகப்பிலே சாய்சதுர வடிவான சின்னம். கதவுகள் இரண்டே, பின்னாசனத்துக்குப் போவோர் முன்னாசனத்தை மடித்துக் குனிந்துதான் போகவேண்டும். குடும்பத்தோடு பிரயாணஞ் செய்வதற்கென்று செய்யப்பட்ட வண்டிக்கு இஃது ஒரு குறைதான். ஆனால் உள்ளே அமர்ந்த பின்னர் ஐந்து பேருக்குத் தாராளமான இடம். நீளம் நாலரை மீற்றருக்குச் சற்றுக் குறைவு. நிறை ஏறத்தாழ ஆயிரம் கிலோ. தனியே ஓர் அடிச்சட்டம் வைத்து அதன்மேல் உடலைப் பூட்டும் முறையை விடுத்து, உடலே பாரத்தைத் தாங்கும்படி அமைத்தமையால் வந்த இலேசு இது.

இந்த வடிவத்தைக் காகிதத்தில் வரைந்ததினும் களிமண்ணில் பிசைந்தது அதிகம் என்பர். போர்க்வார்ட் தாமே கையால் மாதிரிகளை உருவாக்கும் பழக்கமுடையவர். 1890இல் அல்தோனாவில் ஒரு நிலக்கரி வியாபாரியின் பெரிய குடும்பத்தில் பிறந்து, கொல்லுத் தொழிலும் பின் இயந்திரப் பொறியியலும் கற்றவர். முதலாம் உலக யுத்தத்தின் பின் பிறேமனிலே மோட்டார் வண்டிகளுக்கு வேண்டிய றேடியேற்றர்களைச் செய்து கொடுத்தார். 1924 அளவில், தம் பட்டறையின் சாமான்களை ஏற்றி இறக்குவதற்கென்று மூன்று சில்லு வண்டியொன்றைக் கட்டினார். அது சிறு வியாபாரிகளுக்குப் பிடித்துப்போயிற்று. தபால் இலாகாவும் வாங்கியது. சில ஆண்டுகளில், தாம் றேடியேற்றர் விற்ற ஹன்சா லொயிட் கம்பனியையே ஒரு பங்காளியுடன் சேர்ந்து தம் வசமாக்கினார்.

இங்கே ஒன்றை மறைத்துச் செல்லுதல் முறையன்று. இரண்டாம் உலக யுத்தக் காலத்தில் அவருடைய தொழிற்சாலைகள் இராணுவ வாகனங்களையும் போர்க்கருவிகளையும் செய்தன. பலவந்தமாகக் கொண்டுவரப்பட்ட அந்நிய தேசத்தவர் அங்கே வேலை வாங்கப்பட்டனர். வண்டியின் அழகைப் பேசும் நூல்கள் பல இந்தப் பக்கத்தை விரைந்து புரட்டிவிடுகின்றன. என் அயலவரும் இதைப் பற்றி அதிகம் பேசியவர் அல்லர். யுத்தம் முடிந்ததும் அமெரிக்கர் போர்க்வார்ட்டைத் தடுத்து வைத்தனர். அந்தத் தடுப்பு முகாமிலே கையில் அகப்பட்ட அமெரிக்கச் சஞ்சிகைகளிற் புதிய மோஸ்தர் வண்டிகளின் படங்களைக் கண்டார் என்றும், பக்கங்கள் ஒரே ஓட்டமாக ஓடும் வடிவம் அங்கேதான் அவர் மனத்திற் பதிந்தது என்றும் கூறுவர். 1949இல் ஜெனீவாக் கண்காட்சியில் அவர் வைத்த முதலாவது ஹன்சா 1500 வண்டியே, யுத்தத்தின் பின் ஜேர்மனியில் முற்றிலும் புதிதாக வரையப்பட்ட முதல் வண்டி. இசபெல்லா அதன் இளைய தங்கை.

யுத்தத்தின் பின் உருக்கும் தகரமும் கம்பனிக்கு இவ்வளவு என்று பங்கிட்டுக் கொடுக்கப்பட்டன. போர்க்வார்ட் தம் ஒரே நிறுவனத்தைப் போர்க்வார்ட், கோலியாத், லொயிட் என மூன்றாக்கினார். மூன்று பங்கு கிடைத்தது. கெட்டிக்காரத்தனந்தான். லொயிட்டின் சிற்றுந்துக்கு அப்போதும் தகரம் போதாமையால் ஒட்டுப்பலகையால் உடலைச் செய்து செயற்கைத் தோலினால் மூடினார்கள். காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்ரரின் பெயரால் சனங்கள் அதனைப் பரிகாசஞ் செய்தனர். பரிகாசஞ் செய்துகொண்டே வாங்கவும் வாங்கினர். ஆனால் பங்கீடு ஒழிந்த பின்னரும் மூன்று கம்பனிகளும் மூன்றாகவே இருந்தன. மூன்று கொள்வனவுப் பகுதிகள், மூன்று விற்பனைப் பகுதிகள், ஒன்றுக்கொன்று போட்டியான வண்டிகள். பின்னால் வந்த கேட்டின் வித்து இதுவென்றே நான் எண்ணுகிறேன்.

இனி வண்டியின் திறமைக்கு வருவோம். இசபெல்லாவின் இயந்திரம் நான்கு உருளைகளையும் 1,493 கன சென்ரிமீற்றர் கொள்ளளவையும் உடையது; 60 குதிரைவலு. இன்றைய வாசகருக்கு இது சொற்பமாகத் தோன்றும். அக்கால நிலையோடு வைத்துப் பார்க்க வேண்டும். 1954இல் வொக்ஸ்வாகனுக்கு 30 குதிரைவலு. ஏறத்தாழ இதே கொள்ளளவுடைய ஓப்பல் றெக்கோர்ட்டுக்கு 40. விலையிலே எவ்வளவோ உயர்ந்த மேர்சிடிஸ் 180க்கு, 1,767 கன சென்ரிமீற்றர் இருந்தும், 52. இசபெல்லாவின் விலை 7,265 மார்க். மேர்சிடிசுக்கு 9,000க்கு மேல் கொடுக்க வேண்டும். மணிக்கு 130 கிலோமீற்றர் ஓடக்கூடிய ஐந்துபேர் வண்டியொன்றை இந்த விலைக்கு வாங்கலாம் என்பதே டாக்குத்தரையும் வியாபாரியையும் ஈர்த்தது. அடுத்த ஆண்டு 75 குதிரைவலுவோடு ரி.எஸ். என்னும் வகை வந்தது. அது 150ஐத் தொடும். 1957இல் விற்பனைக்கு வந்த இரட்டையாசனக் கூப்பே அழகுக்குப் பெயர் போனது. அதன் முதல் மாதிரிகளுள் ஒன்றை முதலாளி தம் மனைவிக்குக் கொடுத்தார்.

எண்கள் ஒருபுறமிருக்க, அதில் ஏறிப் போன அனுபவம் வேறு. ஒரு வைகாசிமாத ஞாயிற்றுக்கிழமை அயலவர் என்னை அழைத்துச் சென்றார். கியர்த் தண்டு நிலத்தில் இல்லை. ஸ்டியறிங்கின் அருகே கையெட்டும் இடத்தில் நிற்கிறது. நான்கு கியர்களும் கரகரப்பின்றி விழுந்தன. மூன்றாவதிலேயே நகரம் முழுவதையும் சுற்றிவரலாம். அவ்வளவு இணக்கமான இழுவை. கல் பதித்த பழைய தெருவிலே பின்சில்லுகள் ஒவ்வொன்றும் தனித்தனியே ஏறி இறங்கும்படி அமைத்திருந்தமையால், முதுகு குலுங்கவில்லை. ஆனால் நெடுஞ்சாலையை விட்டுத் திரும்பும் வளைவொன்றை அணுகுகையில் அவர் வெகுமுன்னதாகவே வேகத்தைக் குறைத்தார். "இவளுடைய குணம் தெரியும். வளைவிலே அவசரப்படுத்தினால் பின்பக்கம் தன் விருப்பத்துக்குப் போகும்" என்றார். அது வெறும் பேச்சன்று. அக்காலத்து ஊசலச்சு வண்டிகள் எல்லாவற்றுக்கும் இயல்பான குறை அது: வண்டி சரியும்போது பின்சில்லு உட்புறமாக மடிந்து தரைப்பிடிப்பை இழக்கும். வொக்ஸ்வாகனுக்கும் மேர்சிடிசுக்கும் இதே நோய் இருந்தது.

இதனைவிடக் கொடிய குறை வேறொன்று. முதல் ஆண்டில் விற்ற வண்டிகள் போதிய பரீட்சையின்றி அவசரமாகச் சந்தைக்கு விடப்பட்டவை. வாங்கியவர்களே பரீட்சகராயினர், முறைப்பாடுகள் குவிந்தன. தொழிற்சாலை ஒவ்வொன்றாகத் திருத்தியது. பிற்கால இசபெல்லாக்கள் உறுதியானவை. ஆயின், இந்த அவசரம் முதலாளியின் சுபாவம். புதிதாக ஒன்றைச் செய்வதில் அவருக்கு இருந்த ஆசை, செய்ததைச் செம்மையாக்குவதில் இருந்ததில்லை. அந்த ஆசையினால் நன்மையும் விளைந்தது. அவருடைய ஒன்றரை லீற்றர் ஓட்டப்பந்தய இயந்திரத்தைக் கூப்பர் வண்டியிற் பூட்டி 1959இல் ஸ்ரேர்லிங் மொஸ் இரண்டாந்தர போர்முலாப் பந்தயங்கள் பலவற்றை வென்றார். ஜேர்மனியில் முதன்முதலாகக் காற்றுத்தாங்கிகளை உடைய வண்டியை 1960 அளவில் விற்றவரும் அவரே. ஹெலிகொப்ரர் ஒன்றையுங்கூட ஹைன்றிக் போக்கே என்ற புகழ்பெற்ற விமானப் பொறியியலாளரைக் கொண்டு செய்வித்தார். 1958இல் அது பறந்தது. இவையெல்லாம் ஒரு தனி மனிதனுடைய பணப்பையிலிருந்து. பங்குதாரர் இல்லை, மறுத்துப் பேசும் சபை இல்லை.

1959இல் வந்த லொயிட் அறபெல்லாவுக்குள் மழைத்தண்ணீர் புகுந்தது. 'அக்குவபெல்லா' என்று சனங்கள் பெயரை மாற்றிவிட்டார்கள். பெயர் ஒருவரைத் தூக்கிவிடும், தாழ்த்தியும் விடும். 1960இல் அமெரிக்கச் சந்தையும் சரிந்தது. அங்குள்ள பெரிய கம்பனிகள் தாமே சிறிய வண்டிகளைச் செய்யத் தொடங்கின. அத்தேசத்தை நம்பிக் கட்டிய வண்டிகள் விற்பனையாகாமல் நின்றன. அவ்வாண்டு டிசெம்பரில் 'டெர் ஸ்பீகல்' சஞ்சிகை அவரைப் பற்றிக் கடுமையான நீண்ட கட்டுரையொன்றை வெளியிட்டது. கடன் கொடுத்தோர் கலங்கினர். பிறேமன் மாநில அரசு உத்தரவாதம் நல்கப் பின்வாங்கியது. 1961 பெப்ரவரி 4ஆந் திகதி, நீண்ட நேரப் பேச்சுவார்த்தையின் பின், எழுபது வயதான போர்க்வார்ட் தம் கம்பனிகள் முழுவதையும் மாநிலத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வெளியேறினார்.

அரசு மேற்பார்வைக்கு நியமித்தவர் யொஹன்னெஸ் செம்லர். அவர் அதே சமயத்தில் பி.எம்.டபிள்யூ. கம்பனியின் மேற்பார்வைச் சபையிலும் இருந்தவர். 1959இல் தானே விற்கப்படும் நிலைக்கு வந்து தப்பிய பி.எம்.டபிள்யூ., 1961 செப்ரெம்பரில் ஒன்றரை லீற்றர் குடும்ப வண்டியொன்றைப் பிராங்க்போர்ட்டில் காட்சிக்கு வைத்தது. இசபெல்லா வாங்கியவர்களே அதற்கும் ஏற்றவர்கள். அதே மாதத்திற்றான் போர்க்வார்ட் கம்பனி முறிந்ததாக நீதிமன்ற நடவடிக்கை தொடங்கியது. இந்த இரண்டையும் முடிச்சிட்டுச் சதி என்போர் பிறேமனில் இன்றுமுளர். என் அயலவர் அவர்களுள் ஒருவர். "கொன்றுவிட்டார்கள்" என்பதே அவர் சொல். கடன்காரருக்குக் கொடுக்க வேண்டியது ஏறக்குறைய முழுவதும் பின்னர் கொடுத்துத் தீர்க்கப்பட்டதே, அப்படியானால் கம்பனி எவ்வாறு முறிந்ததாகும் என்று அவர் கேட்பார். அது நியாயமான கேள்வி. பொறுமையும் சிறிது கைமாற்றுப் பணமும் கிடைத்திருந்தால் அத்தொழிற்சாலை பிழைத்திருக்கக் கூடும் என்பதை நானும் ஒப்புவேன். செம்லர் இரண்டு ஆசனங்களில் அமர்ந்தமை தகாத செயல் என்பதிலும் எனக்கு ஐயமில்லை. ஆயினும் சதி என்று கூறச் சான்று வேண்டும். மூன்று கம்பனிகளை ஒன்றாக்க மறுத்தவரும், அளவுக்கு மிஞ்சிய வகைகளைப் பெருக்கியவரும், தம் சொல்லுக்கு மறுசொல் கேளாதவரும் வேறு எவருமல்லர். ஒருமுறை இதனை நான் வெளிப்படையாகச் சொல்லிவிட்டேன். இரண்டு கிழமை அவர் என்னோடு பேசவில்லை. பின்பு தாமே வந்து, "நீங்கள் சொன்னது பொய்யல்ல. ஆனால் நீங்கள் அவருடைய தொழிற்சாலையில் பத்தொன்பது வயதில் நின்றவரல்ல" என்றார். நான் மறுமொழி கூறவில்லை.

ஏறத்தாழ 20,000 பேர் வேலை செய்த இடம் அது. வேலையாட்களுக்குப் பஞ்சமான காலமாகையால் பலருக்கும் விரைவிலே வேறு வேலை கிடைத்தது. போர்க்வார்ட் 1963 ஜூலையில் காலமானார். இசபெல்லாக்கள் 2,02,862 உற்பத்தியாகியிருந்தன. பெரிய பி 100 வண்டியின் இயந்திரங்கள் மெக்சிக்கோவுக்குப் போய், மொன்ரெறேயில் 1967 முதல் 1970 வரை அந்த வண்டியைச் செய்தன. 2015இல் சீன மூலதனத்தோடு போர்க்வார்ட் என்னும் பெயர் மீண்டும் எழுந்தது. 2022இல் அதுவும் முறிந்தது.

செபால்ட்ஸ்பிறூக்கில் இருந்த பழைய தொழிற்சாலை நிலத்தில் 1978 முதல் மேர்சிடிஸ் வண்டிகள் செய்யப்படுகின்றன. நான் பிறேமனை விட்டு வருவதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை, அயலவர் கம்பளியை நீக்கி இசபெல்லாவை வெளியே எடுத்தார். எங்கே போகிறோம் என்று நான் கேட்கவில்லை. அந்தத் தொழிற்சாலை வாயிலை அணுகியதும் மூன்றாம் கியருக்கு இறக்கி, நடைவேகத்திற் செலுத்தினார். வாயிற்காவலன், இருபத்தைந்து வயதிருக்கும், வண்டியைக் கண்டு சிரித்துக் கையசைத்தான். அவரும் தொப்பியைச் சற்று உயர்த்தினார். வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் இயந்திரத்தில் ஏதோ ஒரு வால்வு தட்டுகிறது என்று சொல்லிக்கொண்டே வந்தார். எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை.