விஷத்துக்கு ஒரு வர்ணம்

குளத்து ஜலத்தைக் குடித்து வாந்திபேதிக்கு இரையாகிவந்த வங்கதேசத்து ஜனங்களைக் காப்பாற்றும் பொருட்டு, 1970-களிலிருந்து அந்நாட்டின் கிராமங்களில் லட்சக்கணக்கான குழாய்க் கிணறுகள் இறக்கப்பட்டன. கிருமியற்ற அந்தத் தெளிந்த நீரில் ஆர்செனிக் என்னும் பாஷாணம் கரைந்திருந்ததோ, குடித்தவர்களின் உள்ளங்கையும் உள்ளங்காலும் தடித்துக் காய்ப்பேறி, மேனியெங்கும் கரும்புள்ளிகள் பரவிய பிறகே தெரியவந்தது. 1980-களின் தொடக்கத்தில் கல்கத்தாவின் தோல் மருத்துவர் கே. சி. சாகா மேற்கு வங்கத்து நோயாளிகளிடம் கண்ட அதே விஷம், எல்லைக்கு அப்பால் 1993-ல் கிணற்று நீரிலேயே கண்டறியப்பட்டது.

நிறமும் மணமும் ருசியும் அற்ற இந்தச் சத்துருவை, பெரிய ஆய்வுக்கூடத்தின் துணையின்றிக் கிணற்றடியிலேயே கண்ணுக்குப் புலப்படுத்துவதுதான் வர்ணப் பரிசோதனை. சிறு புட்டியில் நீரை அளந்து ஊற்றி, அமிலப் பொடியையும் துத்தநாகத் தூளையும் இட்டதும் நீர் நுரைத்துப் பொங்குகிறது. அப்போது பிறக்கும் ஹைட்ரஜன், பாஷாணத்துடன் கூடி ஆர்சைன் வாயுவாக மேலெழுந்து, மூடியில் செருகியிருக்கும், பாதரச புரோமைடு தோய்ந்த வெள்ளைக் காகிதத்தைத் தீண்டுகிறது. பொறுத்திருந்து எடுத்துப் பார்த்தால், விஷம் இல்லாத நீருக்குக் காகிதம் வெள்ளையாகவே இருக்கும். இருந்தாலோ, அதன் அளவுக்கேற்ப இளமஞ்சள் முதல் பழுப்பு வரை வர்ணம் ஏறும். விஷக் கொலைகளைத் துலக்க 1836-ல் ஜேம்ஸ் மார்ஷ் என்னும் ஆங்கிலேயர் வெளியிட்ட பரீட்சையின் வழிவந்ததே இது.

காகிதத்தின் நிறத்தை அட்டையிலுள்ள வர்ண வரிசையோடு ஒப்பிட்டுத் தீர்ப்புச் சொல்வது மனிதக் கண்தான், கஷ்டமும் அங்கேதான். வங்கதேசம் வகுத்த வரம்பு லிட்டருக்கு 50 மைக்ரோகிராம், அதாவது 20,000 லிட்டரில் 1 கிராம். உலக சுகாதார நிறுவனம் சொல்வதோ வெறும் 10. நாற்பதுக்கும் அறுபதுக்கும் இடையே மஞ்சளில் தோன்றும் பேதம் மிகச் சூட்சுமமானது. மாலை மங்கலில் அதைப் பிரித்தறிவது தேர்ந்தவர்களுக்கும் எளிதன்று. நீரில் கந்தக வாயு இருந்தால் அதுவும் காகிதத்தைக் கறைப்படுத்துமாதலால், முன்னதாகவே அதை நீக்கிவிட வேண்டும்.

நீரில் கலக்கும் மற்றொரு விஷமான பாதரசத்தைக் கண்டறியத் தங்கத்தையே சாட்சியாக்கும் முறைகளும் வந்திருக்கின்றன. மிக நுண்ணிய தங்கத் துகள்கள் நீரில் பிரிந்து மிதக்கையில் செந்நிறமாகவும், ஒன்றோடொன்று நெருங்கித் திரள்கையில் நீலமாகவும் தோன்றும். மரபணுவின் கூறான தைமின் இரண்டு, பாதரச அயனி ஒன்றைத் தம்மிடையே கவ்விக்கொள்ளும் இயல்பை இத்துகள்களோடு பிணைத்து, பாதரசம் இருப்பதை நிறமாற்றத்தால் காட்டச் செய்திருக்கிறார்கள். மனத்தை மயக்கும் வித்தைதான். ஆயினும் உப்புக் கரைந்த நீரில் பாதரசம் இல்லாமலே துகள்கள் திரளக்கூடும் என்பதால், கிணற்றடிக்கு வருமுன் இது கடக்க வேண்டிய தூரம் உண்டு.

என் மனத்தில் நிற்பது வேறொரு வர்ணம். 2000-ஆம் ஆண்டை ஒட்டிய சில வருஷங்களில் வங்கதேசத்தில் ஏறக்குறைய 50 லட்சம் கிணறுகளைச் சோதித்து, வரம்பு மீறிய பம்புகளுக்குச் சிவப்பும் மற்றவற்றுக்குப் பச்சையும் பூசினார்கள். எழுத்தறியாதவரும் வாசிக்கத்தக்க அந்த அறிவிப்பைக் கண்டு, சிவப்பை விட்டு அண்டை வீட்டுப் பச்சைப் பம்புக்குக் குடத்துடன் நடந்தவர்கள் பலர். ஆனால் சில வருஷங்களில் சாயம் உதிர்ந்தது. பின்னர் இறக்கிய கிணறுகள் பல சோதிக்கப்படாமலே கிடந்தன. புதுப்புது உணர்விகளைத் தேடுவோர் தேடட்டும்; அதற்காகும் பொருளில் ஒரு பங்கையேனும் கிணறுகளைத் திரும்பச் சோதிப்பதற்கும், பம்புகளுக்கு மறுபடி சாயம் பூசுவதற்கும் அரசுகள் ஒதுக்க வேண்டும்.